கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா? சேரும் முன் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்

"எந்தக் கலை உசத்தி?" என்று கேட்டால் ஒவ்வொரு மாஸ்டரும் தன் கலையைத்தான் சொல்வார். அந்தக் கேள்வியை விடுங்கள். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போகக்கூடிய வகுப்புகள் எவை, எந்த நேரத்தில் நடக்கின்றன என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் போக முடியாத வகுப்பு எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் உடம்பில் ஒட்டாது.

அடுத்து, பணம் கட்டும் முன் வகுப்பு நடக்கும்போது போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கிறாரா? வரிசையாக நின்று காற்றில் குத்துவதும் கட்டா எனும் வரிசை மாறாத அசைவுகளைச் செய்வதும் உடம்புக்கு நல்லது, பார்க்கவும் அழகு. அடிக்க வருகிறவன் அந்த வரிசைப்படி வரமாட்டான்.

மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனம். உங்கள் முன்கையின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை அவர் பக்கமாக மடக்கி, வெடுக்கென்று உருவ வேண்டும். ஜோடியாக நிற்பவர் பட்டும் படாமலும் பிடித்தால் இது யாருக்கும் வந்துவிடும். அவர் இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கும்போதும் செய்ய வைக்கிறாரா மாஸ்டர்? வைத்தால் நல்ல வகுப்பு. பெயர்ப்பலகையில் எந்தக் கலையின் பெயர் இருந்தாலும் சரி.

இனி உங்கள் தேவையைப் பாருங்கள். மூச்சு வலுக்க வேண்டும், எடை குறைய வேண்டும் என்றால் குத்துச்சண்டை. ஸ்கிப்பிங், பேட், பேக், மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு. நாலு ரவுண்டில் சட்டையைப் பிழியலாம். வட சென்னையில் பரம்பரை பரம்பரையாக ஆடிய ஆட்டம் இது. ஆனால் ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்குமே தவிர, மூளை குலுங்குவதைத் தடுக்காது. உடற்பயிற்சிக்காக வருகிற நடுவயதுக்காரருக்கு பேட், பேக் போதும். தலையில் அடி வாங்கிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், பக்கத்தில் ஜூடோ கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் இதைத் தொடங்கியபோது, ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்குள் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஒருவரோடு ஒருவர் முழு வேகத்தில் மோதிப் பழகும்படி அமைத்தார். அந்த மோதலுக்கு ராண்டோரி என்று பெயர். முதல் பாடமே விழுவதுதான்: தாடையை நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் தரைவிரிப்பை ஓங்கி அறைந்து விழ வேண்டும். ரவுடியைச் சந்திக்காதவர்கள்கூட வழுக்கும் குளியலறையைச் சந்திக்கிறார்கள்.

ஜூடோவிலிருந்து கிளைத்த பிரேசிலியன் ஜியு-ஜிட்சு தரையில் நடப்பது. தோற்றவர் கையால் தட்டினால் உடனே விட்டுவிடுவார்கள் என்பதால் பலத்தோடு பழகலாம். தெருவில் இரண்டு பேர் வந்தால் மட்டும் தரையில் உருளாதீர்கள். கராத்தேயும் டேக்வாண்டோவும் ஊருக்கு ஊர் கிடைக்கும். வாரம் ஒருமுறையாவது ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது, உண்டா என்று கேளுங்கள். சிலம்பம் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கால் சுவடுக்கும் அருமையான பயிற்சி. அலங்கார வீச்சோடு நிறுத்தாமல் எதிராளியைக் கம்பால் தொட்டு ஆடும் தொடுமுறையும் சொல்லித்தருகிற ஆசானைத் தேடுங்கள். இரண்டு நாளில் தற்காப்பு கற்றுத்தந்து சான்றிதழ் தரும் முகாம்களில் சான்றிதழ் மட்டும் நிச்சயம் கிடைக்கும்.

பணவிஷயம். மாதக் கட்டணத்தோடு பெல்ட் தேர்வுக்கும் சீருடைக்கும் போட்டிக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். ஒரு மாதம் போய்ப் பார்க்காமல் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டாம். முட்டி, முதுகு, ரத்த அழுத்தம் எதிலாவது தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சேர்ப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: தொட்டுத் திருத்தும் முன் மாஸ்டர் கேட்டுக்கொள்கிறாரா?

எவ்வளவு பழகினாலும், கத்தியைக் காட்டி செல்போனைக் கேட்பவனிடம் கொடுத்துவிட்டு ஓடுங்கள். பிறகு 112ஐ அழையுங்கள். ஓட வழியில்லாதபோதுதான் பழகிய கைக்கு வேலை. அதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. தள்ளிவிட்டுத் தப்பிப்பது உங்கள் உரிமை. விழுந்து கிடப்பவனை மிதித்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.