சி.டி. ஸ்கேன்: திரியை எவ்வளவு தூண்டுவது?

"ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தா முன்னூறு எக்ஸ்ரே எடுத்ததுக்குச் சமமாம்!" கொரோனா காலத்தில் நம்மில் பலர் காதிலும் விழுந்த பேச்சு இது. எங்கிருந்து வந்தது? 2021 மே மாதம், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அப்போதைய இயக்குநர் டாக்டர் ரந்தீப் குலேரியா, லேசான கொரோனாவுக்கு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம் என்று எச்சரித்தார். ஒரு ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்றும் சொன்னார். ரேடியாலஜி டாக்டர்களின் அகில இந்தியச் சங்கம் உடனே மறுத்தது. இப்போதைய கருவிகளில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? சகோதரிகளே, விஷயமே இதில்தான் இருக்கிறது. சி.டி. ஸ்கேனுக்கு இவ்வளவுதான் கதிர் என்று ஒரே அளவு கிடையாது. எந்த உறுப்பு, எந்த நோய், ஆள் எவ்வளவு பருமன் என்று பார்த்து, கருவியை இயக்குபவர் கதிரைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நம் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கை நினைத்துப் பாருங்கள். மூலையில் இருக்கிற குடத்தை எடுக்கத் திரியைச் சின்னதாக வைத்தாலே போதும். அரிசியில் கல் பொறுக்க வேண்டுமென்றால் தூண்டித்தான் ஆக வேண்டும். நுரையீரலில் பெரும்பகுதி காற்று. அதில் சளிக்கட்டு இருந்தால் குடம் மாதிரி பளிச்சென்று தெரியும், கதிர் குறைவாக இருந்தாலும் போதும். கல்லீரலில் உள்ள சின்னக் கட்டி அப்படியல்ல. சுற்றியுள்ள சதையும் கட்டியும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். அங்கே கதிரைக் குறைத்தால் படம் மணல் தூவினது மாதிரி ஆகி, கட்டி மறைந்து போகும்.

அந்த மணலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் கதிரை இரண்டு மடங்கு கூட்டினால் போதாது, நான்கு மடங்கு கூட்ட வேண்டும். அதனால்தான் "படம் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று ஆசைப்படுவது ஆபத்து. நோயைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும்.

கதிரை மில்லி சீவெர்ட் என்ற அளவில் சொல்வார்கள். வழக்கமான முறையில் தலை ஸ்கேன் சுமார் 2, நெஞ்சு 7 வரை, வயிறு 8 முதல் 10. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.02 அளவுதான். 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350, குலேரியா சொன்ன கணக்கு அங்கே வந்துவிடுகிறது. திரியைக் குறைத்து எடுத்தால் மற்றவர்கள் சொன்ன கணக்கை நெருங்கலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓர் ஆண்டில் நமக்கு வரும் இயற்கைக் கதிரே உலக சராசரியில் 2.4. மணவாளக்குறிச்சி மாதிரி மோனசைட் மணல் உள்ள கடற்கரையில் இன்னும் கூடுதல். ஆகவே ஒரு ஸ்கேனால் கேன்சர் வந்துவிடும் என்று அலற வேண்டாம். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் கவலை.

குழந்தைகள் விஷயத்தில் நாம் விடாமல் கேட்க வேண்டும். பிள்ளையின் உடம்பு மெல்லியது, குறைந்த கதிரிலேயே படம் விழும். வளரும் உடம்பு என்பதால் கதிரின் பாதிப்பும் கூடுதல். பெரியவர்களுக்கு வைக்கும் அளவையே பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள் என்று 2001-ல் அமெரிக்காவில் ஆய்வுகள் வெளியாயின. 2008-ல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற பிரச்சாரமே தொடங்கியது. "பிள்ளை எடைக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

நம் நாட்டில் ஸ்கேன் மையம் நடத்த மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கதிர்க் கருவியோடு வேலை செய்பவர்களுக்கு ஆண்டு வரம்பு உண்டு. நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது. உயிர் காக்க எவ்வளவு தேவையோ அதை டாக்டர்தான் முடிவு செய்கிறார். அப்படியானால் நாமும் வாய் திறந்து கேட்கத்தானே வேண்டும்? "ஸ்கேன் எழுதினாத்தான் நல்ல டாக்டர்" என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது. உள்கடன் வாங்கியாவது எடுத்துவிடுகிறோம். "அல்ட்ராசவுண்டில் தெரியாதா? எம்.ஆர்.ஐ. போதுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை.

ஆனால் வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். மூளையில் ரத்தக் கசிவா, அடைப்பா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் ஊசி போட முடியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி போய்ச் சேரும் நேரமும் அதில் அடக்கம்.

போகும்போது பழைய ஸ்கேன் படம், சி.டி. எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், மறுபடி எடுக்காமல் தப்பிக்கலாம். நாள் தள்ளிப் போயிருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுத்த பிறகு அசையக் கூடாது, மூச்சை அடக்கச் சொன்னால் அடக்க வேண்டும், அசைந்தால் படம் கலங்கிவிடும். உலோகமும் படத்தில் கோடு கோடாக விழும். தலை ஸ்கேனுக்குக் கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி, நெஞ்சு ஸ்கேனுக்குத் தாலிச் சங்கிலி. கழற்றத் தயங்கி, இன்னொரு தடவை கதிர் வாங்க வேண்டாம். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, நகையைக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.