தூக்கம் போகல, ஒளிஞ்சிருக்கு!

மதியம் 2 மணி. மெஸ்ல சாம்பார் சாதம் உள்ளே போயாச்சு. ஃபேன் மெதுவா சுத்துது, போர்டுல ஃபூரியர் சீரிஸ் ஓடுது, கடைசி பெஞ்ச்ல ஆரம்பிச்சு தலைகள் ஒவ்வொண்ணா சாயுது. ஹவர் முடிஞ்சதும் எல்லாரும் நேரா போற இடம் கேன்டீன். "அண்ணா, ஸ்ட்ராங்கா ஒரு டீ!" இந்தக் கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா? அப்போ இது உங்களுக்குத்தான்.

டீ குடிக்காதீங்கன்னு சொல்ல வரல. சொன்னாலும் கேட்க மாட்டீங்க. ஆனா தினமும் நாலு கிளாஸ் உள்ளே போகாம பொழுது ஓடாதுங்கிற நிலைமைக்கு வந்துட்டா, அந்த டீ உள்ளே போய் என்ன வேலை பார்க்குதுன்னாவது தெரிஞ்சுக்கணும். அதில் இருக்கிற காஃபீன் நமக்கு எனர்ஜி தர்றதில்லை. பைக்ல பெட்ரோல் முள் ரிசர்வ்ல நிக்குது. பங்க்குக்குப் போகாம, முள் தெரியாத மாதிரி மீட்டர் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுறோம். காஃபீன் செய்யறது அதைத்தான்.

எப்படின்னு பார்ப்போம். செல்லுக்குச் சக்தி தர்றது ஏடிபி என்று பிளஸ் டூ-ல படிச்சிருப்பீங்க. அது உடைய உடைய மிஞ்சுகிற பொருள்களில் ஒன்று அடினோசின். நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். தனக்கென்று இருக்கிற ஏற்பிகளில் அது போய் உட்காரும்போதுதான் நமக்குக் கண் சொருகும். தூங்கினால்தான் அது குறையும். காஃபீன் மூலக்கூறும் பார்க்க ஏறக்குறைய அதே சாயலில் இருப்பதால், அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளுமே தவிர, அதை இயக்காது. டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாங்களே, அந்தத் துண்டுதான் காஃபீன். துண்டு உட்காராது, ஆனா வேற யாரையும் உட்கார விடாது. அதுக்குள்ள ஒவ்வொரு ஸ்டாப்லயும் அடினோசின் ஏறிக்கிட்டே இருக்கு. துண்டை எடுத்த நிமிஷம், நின்னுட்டு வந்த மொத்தக் கூட்டமும் ஒண்ணா உட்காரும். சாயங்காலம் திடீர்னு ஆளையே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கே, அது இதுதான்.

தினமும் குடிச்சா மூளையும் சும்மா இருக்காது. ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பஸ்ல எக்ஸ்ட்ரா சீட் போட்ட கதை. இப்போ ஒரு துண்டு பத்தாது. முதல் வருஷம் ஒரு டீ-ல தெளிஞ்ச கண்ணு மூணாவது வருஷம் மூணு டீ கேட்குது. (இந்தக் காஃபீனை 1819-ல் முதன்முதலில் பிரித்தெடுத்த ரூங்கே என்ற ஜெர்மன்காரருக்கும் அப்போ இருபதுகளில்தான் வயசு. ஆராய்ச்சி பண்ணிப் பாருன்னு காபிக்கொட்டையைக் கையில கொடுத்தவர் கவிஞர் கதே!)

சரி, கணக்குக்கு வருவோம். நம்ம ஆளுங்களுக்கு அதுதான் புரியும். உடம்பில் காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம். கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகுமே, அதே எக்ஸ்போனென்ஷியல் கர்வ். ஒரு காபிக்கு 80 மில்லிகிராம், ஒரு டீக்கு 40 என்று வெச்சுக்குவோம். டிகாக்ஷன் திக்னஸைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். காலை 7.30-க்கு காபி, 11 மணி பிரேக்ல டீ, 4 மணிக்கு டீ, ராத்திரி 9 மணிக்கு அசைன்மென்ட் எழுத இன்னொரு காபி. நடு ராத்திரி 12 மணிக்கு லைட்டை அணைக்கும்போது எவ்வளவு மிச்சம்? காலைக் காபியில் 8, பதினோரு மணி டீயில் 7, நாலு மணி டீயில் 13, ஒன்பது மணிக் காபியில் 53. சூப்பர்பொசிஷன் போட்டுக் கூட்டினா 81 மில்லிகிராம். அதாவது ஒரு முழு காபியை அப்பத்தான் குடிச்ச மாதிரி ஆளாப் போய்ப் படுக்கறோம். அந்த ஒன்பது மணிக் காபியை மட்டும் கழிச்சுப் பாருங்க, 28-ல நிக்கும்.

"எனக்கெல்லாம் காபி குடிச்சாலும் படுத்த உடனே தூக்கம் வந்துரும்" என்று ஒரு குரூப் எப்பவும் சொல்லும். வரலாம். ஆனா காஃபீன் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கைக் குறைக்கும், அது தூங்குறவருக்குத் தெரியாது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அது பெரிய டோஸ், கலந்துகொண்டவர்களும் 12 பேர்தான், அதனால அதை அப்படியே நம்ம டீக்குப் பொருத்த வேண்டாம். போற திசை மட்டும் தெரியுது. இன்னொண்ணு, 5 மணி நேரம்ங்கிறது சராசரிதான். ஹார்மோன் கருத்தடை மாத்திரை, அதை பிசிஓடி-க்காக எடுத்தாலும் சரி, அரை ஆயுளை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். வயித்துப்போக்குக்கு எழுதித் தர்ற சிப்ரோஃப்ளாக்ஸசினும் காஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அந்த நாட்கள்ல காபி குடிச்சுட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சா காரணம் இதாகவும் இருக்கலாம்.

நம்ம வயசும் இதுல ஒரு பார்ட்டி. பதின்வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்கு நகர ஆரம்பித்து, 20 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்லத் திரும்பும். 2004-ல் டில் ரோன்னெபெர்க் குழு வெளியிட்ட முடிவு இது. ஆக, ராத்திரி 12 வரைக்கும் தூக்கம் வரலங்கிறது முழுக்க சோம்பேறித்தனமோ ஃபோனோ மட்டும் இல்லை (ஃபோனும்தான்). வீட்டுல அப்பாகிட்ட தாராளமா சொல்லலாம். ஆனா காலேஜ் பஸ் 6.15-க்கு வந்துரும், அதுக்கு ரோன்னெபெர்க்கைத் தெரியாது. நம்ம வயசுக்குத் தேவை 7 முதல் 9 மணி நேரம், கிடைக்கறது அஞ்சரை. சேர்ந்த கடனை ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்கி அடைக்கப் பார்க்கறோம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் இன்னும் தள்ளிப் போகுது, திங்கட்கிழமை முதல் ஹவர் செத்த பிணமா உட்கார்ந்திருக்கோம். மதிய மந்தம்கூட மெஸ் சாப்பாட்டால மட்டும் வர்றதில்லை. சாப்பிடாம இருந்தாலும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரமே ஒரு சரிவில் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தூக்கக் கடன். தூங்கினா அடையும். எனக்கு பயம் தர்றது, தூங்கினாலும் அடையாத சோர்வு.

எங்க ஹாஸ்டல்ல ஒரு அக்கா. எட்டு மணி நேரம் தூங்குவாங்க, எழுந்திருக்கும்போதே களைப்பா இருப்பாங்க. ஒரு செமஸ்டர் முழுக்க அதை டீ வெச்சு ஓட்டினாங்க. டிபனோட ஒண்ணு, சாப்பாடு முடிஞ்ச கையோட ஒண்ணு, நடுவுல ரெண்டு. ரெண்டாவது மாடி லேப் ஏறினா மூச்சு வாங்கும். "வெயிட் போட்டுட்டேன்டி" என்று சிரிப்பாங்க. மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கறதை யாரும் கேட்கல, அவங்களும் சொல்லல. லீவுல ஊருக்குப் போனப்ப வேற எதுக்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இதுல கொடுமை என்னன்னா, டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும். சோர்வுக்குன்னு சாப்பாட்டோட குடிச்ச டீயே சோர்வைக் கூட்டிக்கிட்டிருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில மாசக்கணக்குல மெதுவா ஏறுச்சு.

அவங்க ஒருத்தர் கதைன்னு நினைச்சுடாதீங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! பசங்களுக்கும் வரும், அவங்களுக்கு அளவு 13. ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். சும்மா மெடிக்கல் ஷாப்ல கேட்டு இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீங்க, காரணம் தெரியணும். டீயை மட்டும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்க. முருங்கைக்கீரையோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தா இரும்புச்சத்து நல்லா ஏறும்.

ரத்தசோகை இல்லைன்னா? தைராய்டு, சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறைவு, சளிக்குன்னு தினமும் போடுற செட்ரிசின், ரூம்மேட் தூங்க முடியாத அளவுக்குக் குறட்டை. அப்புறம் மனச்சோர்வு. பிடிச்ச விஷயம்கூட பிடிக்காம, எழுந்திருக்கவே மனசு வராம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடினா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதுவும் உடம்புச் சோர்வாகத்தான் முதல்ல தெரியும்.

நடுவுல ஒரு விஷயம், பைக் ஓட்டுறவங்களுக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்காக விடிய விடிய முழிச்சுட்டு, ஒரு காபியைக் குடிச்சுட்டு ஊருக்குக் கிளம்பாதீங்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் மூடினா வண்டி 50 மீட்டர் போயிருக்கும், ஆள் இல்லாம. காபி குடிச்சே ஆகணும்னா குடிச்சுட்டு 20 நிமிஷம் படுங்க. காஃபீன் முழுசா வேலை செய்ய எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அதுக்கப்புறமும் கண்ணு எரிஞ்சா பஸ்தான்.

உங்க சோர்வு எந்த வகைன்னு கண்டுபிடிக்க செமஸ்டர் லீவுதான் நல்ல நேரம். ஆனா ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டிக்கரைப் பிரிக்கணும், அதையும் ஒரேயடியா பிரிக்காதீங்க. தினமும் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி, எரிச்சல், இன்னும் கூடுதல் களைப்பு எல்லாம் வரும். சில நேரம் ஒன்பது நாள் வரைக்கும் நீடிக்கும். அதைப் பார்த்துட்டு "பாரு, எனக்கு டீ இல்லாம முடியாது"ன்னு முடிவு கட்டிடுவோம். அதனால லீவுக்கு முன்னாடி வாரத்திலிருந்தே ரெண்டு நாளைக்கு ஒரு கிளாஸ் குறைங்க, முதல்ல ராத்திரி கிளாஸ். லீவுல ரெண்டு வாரம், ஞாயிறு உட்பட, ஒரே நேரத்துக்குப் படுத்து எட்டு மணி நேரம் தூங்குங்க. காலையில அம்மா தர்ற ஒரு காபி இருக்கட்டும், அதுல கை வைக்க வேண்டாம்.

ரெண்டு வாரம் முடிஞ்சும் மதியம் அதே மாதிரி விழுந்தா டாக்டரைப் பாருங்க. போகும்போது எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எத்தனை டீ, என்னென்ன மாத்திரை, பொண்ணுங்களா இருந்தா மாதவிடாய் எத்தனை நாள், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க. அவர் கேட்கலைன்னாலும் நீங்களே எடுத்து நீட்டுங்க.