மூணாவது கியர் ஏன் முதல்ல போகுது?

எஞ்சினைப் பலப்படுத்துவது பற்றிப் பேச நம்ம டிபார்ட்மென்ட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டர்போ போடலாம், டீசலா இருந்தா பம்ப்பைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம், சைலன்சரை மாத்தலாம். அந்தக் கூடுதல் முறுக்கு விசை சக்கரத்துக்குப் போகும் வழியில் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கு. அது எவ்வளவு தாங்கும்னு கேட்டா மட்டும் சபை அமைதியாயிடும். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பத்தினது.

பாடத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பேயை எடுத்துக்குவோம்: 1990 முதல் 1992 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங், 5.0 லிட்டர் வி8. இந்தியாவுக்கு 2016-ல் முறையா வந்த மஸ்டாங்கில் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் இருந்துச்சு. அதனால தேனியில் யாரும் இந்த வேலைக்கு வண்டி கொண்டுவரப் போறதில்லை. இருந்தாலும் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கு. பழைய கியர் பாக்ஸ், அதுக்குப் பதிலாப் போடுற கியர் பாக்ஸ் ரெண்டோட அளவுகளும் தெளிவாக் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டுட்டு, அதே கணக்கைப் போடிமெட்டு ஏறும் ஜீப்புக்குக் கொண்டு வருவோம்.

அந்த மஸ்டாங்கில் இருந்தது போர்க்-வார்னரின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி. எஞ்சின் தரும் முறுக்கு விசை சுமார் 407 நியூட்டன் மீட்டர். அந்த ஆண்டுகளில் டி-5 தாங்கும்னு குறித்த அளவும் கிட்டத்தட்ட அதே 407 தான். புது வண்டியே விளிம்பில்தான் நிக்குது. இதில் எஞ்சினை 20 சதவீதம் கூட்டினா என்ன நடக்கும்?

பல பேர் 'பெட்டி வெடிச்சிடும்'னு நினைப்பாங்க. அப்படி இல்லை. டி-5 வச்சிருந்தவங்களோட பழைய புகார் ஒண்ணேதான்: மூணாவது கியரின் பற்கள் வழிச்சுக்கிட்டுப் போகுது. முதல் கியரில்தானே விசை அதிகம், அதை விட்டுட்டு ஏன் மூணாவது?

மெஷின் டிசைன் வகுப்பை ஞாபகப்படுத்திக்குங்க. ரெண்டு பற்சக்கரம் கடிச்சுச் சுத்தும்போது ஒண்ணை ஒண்ணு சுத்த மட்டும் வைக்கலை, விலக்கியும் தள்ளுது. அந்த விலக்கு விசை ஷாஃப்ட்டை வளைக்கும். ரெண்டு முனையிலும் பேரிங் இருக்கு. நடுவில் இருக்கிற ரெண்டாவது, மூணாவது கியர்கிட்டதான் வளைவு அதிகம். கம்பைக் கால்முட்டியில் வச்சு ஒடிக்கும்போது நடுவில்தானே ஒடிக்கிறோம், அது மாதிரி. அலுமினிய உறையும் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். ஷாஃப்ட் துளி வளைஞ்சாலே பல்லோட முழு அகலமும் தொடாம ஓரம் மட்டும் தொடும். 20 மி.மீ. சுமக்க வேண்டியதை 6 மி.மீ. சுமந்தா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் கியரில் முழு விசையும் விட்டா டயர் வழுக்கிச் சுத்திடும். விசை ரோட்டிலேயே வீணாயிடும், பெட்டி தப்பிச்சிடும். மூணாவது கியரில் டயர் பிடிச்சுக்கும். ரெண்டிலிருந்து மூணுக்கு வேகமாத் தள்ளிக் கிளட்சை விட்ட கணத்தில், ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த சுழற்சி ஆற்றல் மொத்தமும் ஒரே அடியா வந்து இறங்கும். அந்த அடி எஞ்சினோட குறித்த முறுக்கு விசையை விட ரொம்ப அதிகம். கிளட்ச் கொஞ்சம் வழுக்கினா அடி மெத்துனு விழும். வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் செய்யும் வேலையைத்தான் கிளட்ச் இங்கே செய்யுது. முதல் வேலையா கனமான கிளட்ச் வாங்கிப் போடுறவங்க, ஃபியூஸைப் பிடுங்கிட்டுக் கம்பியைச் சுத்தி வைக்கிறாங்கன்னு அர்த்தம்.

சரி, பலமான பெட்டி எதனால பலமாகுது? மஸ்டாங்காரர்கள் டி-5-ஐக் கழட்டிட்டுப் போடுறது பெரும்பாலும் டி-56 என்ற ஆறு கியர் பெட்டி. இதுக்குக் குறித்த அளவு சுமார் 610 நியூட்டன் மீட்டர். பார்க்க வேண்டிய எண் ஒண்ணு இருக்கு: மெயின் ஷாஃப்ட்டுக்கும் கவுன்டர் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம். டி-5-ல் 77 மி.மீ., டி-56-ல் 85 மி.மீ. எட்டு மில்லிமீட்டருக்கா இவ்வளவு வித்தியாசம்? ஆரம் கூடினா அதே முறுக்கு விசைக்குப் பல்லில் விழும் விசை குறையும். பல்லும் தடிக்கும், அகலமும் கூடும். மூணும் சேர்ந்தா, தாங்கும் திறன் அளவோட கன மடங்கில் போகும். 85-ஐ 77-ஆல் வகுத்துக் கனப்படுத்துங்க: 1.345. அதை 407-ஓடு பெருக்கினா 547. மீதி வித்தியாசத்தை உலோகமும் பேரிங்கும் உறையும் பார்த்துக்குது. ஏதாவது ஒரு கியர் பாக்ஸ் பலமானதானு யாராவது கேட்டா, கம்பெனி பேரைச் சொல்லாம முதல்ல இந்தத் தூரத்தைக் கேளுங்க.

கியர் விகிதத்தில் இன்னொரு விளையாட்டு இருக்கு. டி-5-ல் முதல் கியர் 3.35, ஐந்தாவது 0.68. டி-56-ன் ஒரு வகையில் முதல் 2.66, ஆறாவது 0.50. அப்படியே மாட்டினா வண்டி நின்ற இடத்திலிருந்து சோம்பலாக் கிளம்பும். அதனால பின்னாடி கிரவுன்-பினியனையும் 2.73-லிருந்து 3.55-க்கு மாத்துவாங்க. பெருக்கிப் பாருங்க: கிளம்பும்போது முன்பு 9.15, இப்போ 9.44. கடைசி கியரில் முன்பு 1.86, இப்போ 1.78. இழுப்பும் கூடுச்சு, நேர் ரோட்டில் எஞ்சின் சத்தமும் குறைஞ்சது. இந்தப் பெருக்கல் போடாம கியர் பாக்ஸ் வாங்குறது, அளவு பார்க்காம செருப்பு வாங்குற மாதிரி.

இனி நம்ம ரோட்டுக்கு வருவோம். தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியா லோயர் கேம்ப் வரை கிட்டத்தட்டச் சமதளம். அதுக்கு மேல குமுளி வரை ஏத்தம். போடிமெட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவு. ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திக்கிட்டு விடியக்காலையில் மேல போய்ச் சாயங்காலம் இறங்குற ஜீப்புகளை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த ஜீப் வம்சத்தின் பழைய உருப்படி, மஹிந்திரா இங்கே தயாரிச்ச சி.ஜே.-3பி. அதில் இருந்தது டி-90 என்ற மூணு கியர் பெட்டி. முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. பின்னாடி பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு டீசல் ஏத்தினப்போ, கூடவே நாலு கியர், ஐந்து கியர்னு பெட்டியும் மாறுச்சு. மஸ்டாங் கதையேதான்; வேகத்துக்குப் பதிலாச் சுமை.

ஜீப்பில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. சி.ஜே.-3பி-யின் சக்கர இடைவெளி வெறும் 2032 மி.மீ. புதுப் பெட்டி நீளமானா, பின்னாடி புரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த அளவுக்குக் குட்டையாகும். குட்டையானா ஜாயின்ட்டின் சாய்வுக் கோணம் கூடும். கோணம் 20 டிகிரி ஆனா, ஒரே சீரா உள்ளே வரும் சுழற்சி, வெளியே போகும்போது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை சுமார் 6 சதவீதம் கூடிக் குறையும். ரெண்டு முனைக் கோணமும் சமமா இருந்தா ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டும். இல்லைன்னா அதிர்வு, அப்புறம் கிராஸ் தேய்வு. கூப்பே நீளமா இருக்கிறதால இந்தத் தொல்லை குறைவு.

எனக்கு முக்கியமாப் படுறது இறக்கம். எல்லாரும் ஏத்தத்தில் எவ்வளவு இழுக்கும்னுதான் பேசுறாங்க. ஆள் நிறைஞ்ச ஜீப் போடிமெட்டு இறங்கும்போது பிரேக்கைக் காப்பாத்துறது ரெண்டாவது கியரும் எஞ்சினும்தான். அப்போ பற்சக்கரங்கள் எதிர்ப் பக்க முகத்தில் சுமக்குது. பெட்டி எஞ்சினோட நேர்க்கோட்டில் உட்காரலைன்னா ஷாஃப்ட் ஒவ்வொரு சுத்துக்கும் லேசா ஆடும். கியரைப் பிடிச்சிருக்கும் ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமா நழுவி, திடீர்னு நியூட்ரலுக்கு வந்துடும். ஒர்க்ஷாப்பில் 'கியர் ஸ்லிப் ஆகுது'ன்னு சாதாரணமாச் சொல்வாங்க. வளைவுக்கு 30 மீட்டர் முன்னாடி அது நடந்தா, மொத்தச் சுமையும் ஏற்கெனவே சூடேறிய பிரேக்கின் தலையில். எவ்வளவு பலமான பெட்டியும் கோணலா மாட்டினா இதைத்தான் செய்யும்.

ஆகவே பெல் ஹவுசிங்கை அளந்துதான் மாட்டணும். எஞ்சின் பின்முகத்தில் ஹவுசிங்கை மட்டும் முடுக்குங்க. ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, முள் ஹவுசிங்கின் நடு ஓட்டையின் உள்விளிம்பைத் தொடுற மாதிரி வச்சு, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுத்து சுத்துங்க. முள் ஆடுற மொத்த அளவு 0.13 மி.மீ.-க்குள் இருக்கணும். உண்மையான விலகல் அந்த வாசிப்பில் பாதி, 0.40 காட்டினா மையம் 0.20 தள்ளி இருக்கு. அதுக்கு ஏத்த விலகுமைய டவல் பின் கிடைக்கும், இல்லைன்னா லேத்தில் கடைஞ்சுக்கலாம். வேற எஞ்சினுக்கு வேற பெட்டியை அடாப்டர் பிளேட் வச்சு மாட்டும்போது, பிளேட் எங்கே கடைஞ்சது என்பதை விட இந்த அளவை யார் பார்த்தாங்க என்பதுதான் கேள்வி. பைலட் பேரிங்கின் விட்டம், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, லீவர் வெளிவரும் இடம் எல்லாம் தப்பா இருந்தா மாட்டும்போதே தெரிஞ்சிடும். மையம் தப்பினா மாட்டும்போது தெரியாது.

ஆயிலிலும் கவனம் வேணும். பழைய ஜீப் பெட்டிக்குக் கெட்டியான 90 கிரேடு. மஸ்டாங்கின் டி-5-க்கும் டி-56-க்கும் ஊத்துறது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான மெல்லிய ஆயில். 'கெட்டி ஆயில்தான் பலம்'னு மாத்தி ஊத்தினா சின்க்ரோ வேகம் ஒத்துப்போகாம கியர் விழ அடம்பிடிக்கும்.

பெட்டி பலமானா உடையும் இடம் நகரும், அதையும் எதிர்பார்த்து வையுங்க. மஸ்டாங்கில் அடுத்தது பின் ஆக்ஸில் ஷாஃப்ட். 28 ஸ்ப்ளைன் இருந்த இடத்தில் 31 ஸ்ப்ளைன் போடுறது அதனால்தான். ஜீப்பில் கிராஸும் ஆக்ஸிலும்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறும்படி வண்டியை மாத்தக் கூடாதுங்குது; கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்துச்சு. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆள் ஏத்துற வண்டின்னா, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ்காரர்கிட்டயும் எழுத்தில் கேட்டுடுங்க.

மாட்டி முடிச்ச வண்டியை முதல்ல காலியா லோயர் கேம்ப் வரை ஓட்டுங்க. அப்புறம் குமுளி ஏறி, ரெண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு இறங்குங்க. லீவர் மேல லேசாக் கை வச்சிருந்தா, உள்ளே ஸ்லீவ் நழுவப் பார்க்குதானு விரலிலேயே தெரியும். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கிப் பாருங்க. சாம்பல் நிறப் பொடி இருந்தா சகஜம். பித்தளை மினுக்கு தெரிஞ்சா சின்க்ரோ தேயுது. காந்தத்தில் ஊசி மாதிரித் துணுக்கு ஒட்டியிருந்தா, பெட்டியை இறக்கி டயல் கேஜை மறுபடி எடுங்க.