முன்னோரைத் தேடும் வழி

ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக்கரையில் பிதிர்க்கடன் செய்யும்போது தகப்பன், பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டும். எம்மில் பலர் பாட்டனோடு நின்றுவிடுகிறோம்.

இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அதன் அறிக்கைகள் ஆட்தொகையையே சொல்லும். பெயர்களைச் சொல்வன மரணப் பதிவேடுகள். பிறப்பு, இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1867இல் வந்தது.

மரண அத்தாட்சிப்பத்திரத்தில் இறந்த திகதி, இடம், வயது ஆகியவற்றோடு தாய் தந்தையர் பெயரும் பொதுவாக இருக்கும். மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருவதால் தாயின் பெயர் எமக்கு மிக முக்கியமானது. திகதி கிடைத்தால் அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியையும் அறியலாம்.

ஆண்டு தெரியாதவர்கள், “1957 வெள்ளத்துக்கு முன்னமா, 1978 சூறாவளிக்குப் பின்னமா?” என்று மூத்தோரிடம் கேளுங்கள். ஆண்டும் இறந்த இடமும் ஓரளவு தெரிந்தால், அவ்விடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் தேடுவிக்கலாம். கரடியனாற்றுக்குரியது செங்கலடியிலுள்ள ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகமாகும்.

போரிலும் இடப்பெயர்விலும் பதியப்படாமற் போனவர்களும் உளர். அவர்களுக்கு மூத்தோரின் நினைவே பதிவேடு. அம்மூத்தோர் எம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்போமாக.