ஆஸ்பத்திரியில் வந்த பேதிக்கு எந்த டெஸ்ட்?

நிமோனியாவுக்காக அப்பாவை (68) ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாம் நாள் பேதி ஆரம்பித்துவிட்டது. மலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னால், ‘அது வேண்டாம், சி.டிஃப் டெஸ்ட் போதும்’ என்கிறார் டாக்டர். விட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக விடலாம். வழக்கமான கல்ச்சரில் தேடுவது சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகளை. வெளியே சாப்பிட்டதிலும் குடித்ததிலும் தொற்றும் இவை, பெரும்பாலும் அட்மிட் ஆன முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டிவிடும். ஆறாம் நாள் பேதிக்குக் கல்ச்சர் எடுத்தால் அநேகமாக பில்தான் மிஞ்சும். (வார்டில் பலருக்கு ஒரே சமயத்தில் பேதி என்றால் கணக்கு வேறு.)

நிமோனியாவுக்கு ஏற்றிய ஆன்டிபயாட்டிக், குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கும். அந்தக் காலியிடத்தில் பெருகுவதுதான் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப். 24 மணி நேரத்தில் மூன்று முறையாவது இளகிப் போனால்தான் இந்த டெஸ்ட்டுக்கு அர்த்தம். கட்டியாக இருந்தால் லேப்பிலேயே திருப்பிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு வேலை: மலச்சிக்கலுக்கு சிரப் ஏதும் கொடுக்கிறார்களா என்று நர்ஸிடம் கேளுங்கள். சில சமயம் குற்றவாளி அந்த பாட்டில்தான்!

பேதி நின்ற பிறகு, ‘எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்’ என்று கிளம்பாதீர்கள். குணமானவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். சானிடைசருக்கு இந்தக் கிருமியின் வித்துகள் சாகாது. அப்பாவைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.