தேடுவோர் கண்டடைய



உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று யோசிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் ஆகிய மூன்றுக்கு அப்பால் பெற்றோரின் எண்ணம் போவது அரிது. இணையத்தளங்களில் தகவல்களை ஒழுங்காக அடுக்கி, தேடி வருபவர் இடறாமல் கண்டடையச் செய்வதும் இன்று ஒரு தொழில். அதன் வேர் நூலகத்தில் இருக்கிறது. முன்னோடிகளுள் ஒருவர் நம் தமிழர்.

சீ. இரா. அரங்கநாதன் 1892 இல் சீர்காழியில் பிறந்தார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்கவில்லை, சில வாரங்களிலேயே பழைய தொழிலுக்குத் திரும்பக் கேட்டார். இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பயின்ற பின்னும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று இணக்கமாயிற்று. போனவர் மனம் மாறி வந்தார். (முதல் மாதத்திலேயே படிப்பு கசக்கிறது என்னும் பிள்ளையின் பெற்றோர் இதைக் கவனிப்பாராக!)

அமெரிக்கரான டூயி 1876 இல் வெளியிட்ட பகுப்புமுறையே அன்று பல நூலகங்களில் வழங்கியது. அதில் சமயத்துக்கு 200. அதற்குள் 220 தொடங்கி 280 வரையும் கிறிஸ்தவத்துக்கு. இஸ்லாம், இந்து, பௌத்தம் யாவும் 290 என்னும் ஒரே அறைக்குள். பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் உள்ள கல்முனையில் இப்படி அடுக்கினால் எப்படியிருக்கும்? கூடிய இடம் நமக்குக் கிடைத்தது என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

அரங்கநாதனின் மனக்குறை இன்னும் ஆழமானது. முன்கூட்டியே செய்த பெட்டிக்குள் நூலைத் திணிப்பதையே அவர் ஏற்கவில்லை. இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொருள்கள் உருவாகின்றன. அவ்வாறே ஒரு நூலின் பொருளையும் பல முகங்களாகப் பிரித்து, பின்பு இணைத்து எண் கொடுத்தார். இதுவே 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை.

மருதமுனைக் கைத்தறிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அதை ஒரு தட்டில்தான் வைக்கலாம். நிறப்படியா, நூலின்படியா, விலைப்படியா? இணையக் கடையிலோ சிவப்பு, பருத்தி, 5,000 ரூபாவுக்குள் என்று மூன்று முகத்தாலும் தேடலாம். அரங்கநாதனின் எண்ணம் அங்கே வேலை செய்கிறது.

1998 இல் நூலகவியல் கற்ற ரோசன்ஃபெல்ட், மோர்வில் என்னும் இருவர் இணையத்தளத் தகவல் அமைப்புப் பற்றி நூல் எழுதி இத்துறைக்கு உருக்கொடுத்தனர். பயன்படுத்துவோரைப் பரீட்சிப்பதில் பெயர்பெற்ற டென்மார்க்கின் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரைத் தளத்தின் முன் அமர்த்திக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்கிறார்.

வாசிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. படிவம் அகப்படாத மீனவர் ஒரு நாள் உழைப்பை விட்டுப் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறாரே, அவருடைய நேரமும் இதில் அடங்கும்.

விருப்பமுள்ள பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதி பெறும் வழியைக் கைபேசியில் தேடும்படி அம்மம்மாவிடம் கொடுங்கள். வாய் திறந்து உதவக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல் விளங்கவில்லை, தமிழில் தொடங்கியவர் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குள் அகப்பட்டார் என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்கலாம்.