மறுப்பும் இகழ்ச்சியும்

பரசமயக் கொள்கையை மறுத்தல் வேறு. பரசமயத்தாரை இகழ்தல் வேறு. முன்னையது அளவைநூல் வழிப்பட்ட அறிவின் தொழில். பின்னையது செற்றத்தின் தொழில். இரண்டும் ஒரு நாவினின்றே பிறத்தலின், ஒன்று மற்றொன்றாய் மயங்குதல் எளிது. அம்மயக்கம் சொல்லின்கண் நிகழுமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

‘பாசண்டம்’ என்பது அசோக மன்னன் கல்வெட்டுக்களிற் சமயப்பிரிவு என்னுந் துணையே பொருள்படும். தன் சமயத்தை மிகைபடப் புகழாமலும், பிறர் சமயத்தைக் காரணமின்றிப் பழியாமலும் நாவடக்கம் பேணுக என்பது அவனது பன்னிரண்டாம் பாறைச்சாசனத்தின் கருத்து. பிற்காலத்து அச்சொல்லே புறச்சமயத்தாரைத் தூற்றும் வசையாயிற்று.

‘சிரமணன்’ என்பது தவமுயற்சியுடையான் எனப் பொருள்தரும் வடசொல். அது சமணன் எனவும் அமணன் எனவுந் திரிந்து, நம் முன்னோர் நிகழ்த்திய சமயப்போரில் இகழ்பெயராயிற்று.

‘மருட்பா’ என்பதோ வெண்பாவும் ஆசிரியப்பாவும் விரவிய பாட்டிற்கு யாப்பிலக்கணம் இட்ட பெயர். இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867-இல் அச்சேறியபின் எழுந்த பூசலில், ‘அருட்பா’ என்பதன் முன் மகரமெய் ஒன்று சேர, அவ்விலக்கணப் பெயரே வசைமொழியாய் நின்றது. இருதிறத்தாருஞ் சிவனடி போற்றுவோரேயாகவும், 1869-இல் அப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

இம்மூன்று சொற்களும் பிறப்பிற் குற்றமுடையன அல்ல; கொள்கையைச் சுட்டாது ஆளைச் சுட்டியபோதே நஞ்சாயின. மறுப்பு எதிரியை விடைகூற அழைக்கும்; வசைக்கு எதிர்வசையன்றி விடை இல்லை.

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் உலோகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தார். எள்ளற்சொல் ஆங்கு அறவே இல்லையெனக் கூறேம். எனினும் எதிரியின் வழக்கு மறைக்கப்படவில்லை. தம் நூல்கள் பெரும்பாலும் மறைந்துபோன உலோகாயதரின் கொள்கையை இன்று தமிழிற் கற்பார்க்கு, அதனை மறுத்த அந்நூலே துணையாகின்றது.

உடுமலைப்பேட்டையில் யாம் இப்பகுதியைப் பாடஞ் சொல்லுங்கால், மாணாக்கர் ஒருவர் பிறமதத்தாரை வசைப்பெயராற் சுட்டினர். ‘தம்பி, இவ்வூர்க்குத் தெற்கே திருமூர்த்திமலை அடிவாரத்து எழுந்தருளியிருக்கும் பெருமான் திருப்பெயர் யாது?’ என வினவினேம். ‘அமணலிங்கேசுவரர், ஐயா’ என்றனர். என்றபின் வாளா இருந்தனர். அப்பெயர் அமணர் தொடர்பால் வந்ததென்பாரும் உளர். காரணம் எதுவாயினும், பூசலில் வசையாய் வழங்கிய அச்சொல்லை இறைவன் திருநாமத்திற் சேர்த்து நாடோறும் வணங்குகின்றனர் இந்நாட்டு மக்கள்.

ஆதலின், மடங்களிற் பயில்வோரும் மேடையில் உரைப்போரும் ஒன்றைக் கடைப்பிடிக்க: நாம் எடுத்துரைக்கும் பூர்வபக்கத்தைக் கேட்டு, ‘ஆம், எம் கொள்கை இதுவே’ என எதிர்மதத்தார் உடன்படல் வேண்டும். அதன்பின்னரே மறுக்க. அங்ஙனம் உடன்படுமாறு உரைக்க இயலாதார், அம்மதத்தை இன்னும் கற்றிலர் என்க.